தவளைகள் அடங்கிய நேரம்

நான் தவளைகளின் சத்தத்தை ஆராய்கிறவள். இதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "இதுக்குச் சம்பளமெல்லாம் தர்றாங்களா?" என்று கேட்பார்கள். தருகிறார்கள். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். வகுப்பு இல்லாத நேரங்களில், வயல்களில் நாங்கள் கட்டிவைத்திருக்கும் ஒலிப்பதிவுக் கருவிகள் சேர்த்துவைத்ததை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். மருந்தடித்த வயலில் எந்தத் தவளை முதலில் ஓய்ந்துபோகிறது, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் எது முதலில் தொடங்குகிறது என்றெல்லாம் காதாலேயே பிரித்துவிடலாம். அப்படி அறிந்ததை ஆங்கிலத்தில் எழுதி ஆய்விதழ்களுக்கு அனுப்புவோம். அவற்றைப் படிப்பவர்களை உலகம் முழுவதிலிருந்தும் திரட்டினாலும் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வரிசைகள் நிரம்பாது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அவ்வளவு பேர் போதும் என்றுதான் இருந்தேன். ஒரு மனிதரின் சாவுக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

அவருடைய வயல் தாராசுரத்தைத் தாண்டி, பெரிய சாலையிலிருந்து இறங்கி வாய்க்கால் கரையோடு போனால் வரும் ஊரில் இருந்தது. பல வருடம் குவைத்தில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். ஏதோ கம்பெனியின் பெயர் அழிந்துபோன தொப்பி ஒன்றை எப்போதும் போட்டிருப்பார். நாங்கள் இடம் தேடி அலைந்தபோது, மோட்டார் கொட்டகைத் தூணில் கருவியைக் கட்டிக்கொள்ளச் சொன்னவர் அவர்தான். பச்சை நிறத்தில் டிபன் டப்பா அளவில் இருக்கும். அவர் அதைப் பொட்டி என்று சொல்வார்.

"இது தவளை கத்துறத மட்டும் புடிக்குமாம்மா?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் புடிக்கும் ஐயா. நாங்க தவளையை மட்டும் எடுத்துக்குவோம்."

"நல்ல பொட்டி" என்றார்.

கருவி அந்தி சாயும் நேரத்தில் தானாக விழித்துக்கொள்ளும். இருட்டி நன்றாக அடங்கும்வரை தொடர்ந்து பதிவு செய்யும். அதன் பிறகு பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகத் தூங்கும். விடியும்வரை இடையிடையே கொஞ்ச நேரம் மட்டும் விழித்துப் பதிவு செய்துவிட்டு மறுபடி தூங்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை நான் போய்ப் பேட்டரியையும் மெமரி கார்டையும் மாற்றிக்கொண்டு வருவேன்.

முதல் கார்டைக் கேட்டபோதே அவர் குரல் அதில் இருந்தது. யாரோடோ போனில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"இன்னைக்கு முறைத் தண்ணி வந்துச்சு. காலையிலயே மடையைத் தொறந்து வுட்டுட்டேன். மேலண்டை வரப்பு ஒரு எடத்துல ஒடைஞ்சு கெடந்துச்சு. மண்ணப் போட்டு அணைச்சிருக்கேன்."

பிறகு இடைவெளி. அந்த இடைவெளியில் தவளைகள்.

"இல்லல்ல. எலி வளைதான். நீ சொன்ன மாதிரியேதான்."

மறுபடி இடைவெளி.

எங்கள் வேலையில் மனிதக் குரல் இரைச்சல் கணக்கில் சேரும். டிராக்டர், பாட்டுப்பெட்டி, வாய்க்காலில் துணி துவைப்பது எல்லாம் அப்படித்தான். அவற்றைக் குறித்துவைத்துவிட்டு ஒதுக்கிவிடுவோம். அவர் குரலையும் அப்படியே ஒதுக்கினேன். ஆனால் அடுத்த கார்டிலும் அதே நேரத்தில், அதே நிதானத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த கார்டிலும். நாற்று வந்திருப்பது, உரம் கிடைக்காதது, மகள் போன் செய்தது, பல்வலி. போனில் பேசுபவர்கள் கொஞ்சமாவது சத்தமாகப் பேசுவார்கள், நடப்பார்கள், "கேக்குதா?" என்பார்கள். இவர் ஒருமுறைகூட அப்படிக் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதுபோலப் பேசினார். பதிலுக்கு வேண்டிய நேரத்தை விட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

வயலுக்குப் போன ஒரு நாள் பக்கத்து வயல்காரரிடம் விசாரித்தேன். "சம்சாரம் எறந்துபோச்சும்மா. இவரு ஊருக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சு" என்றார்.

அன்று மதியம் நான் செய்ததை எந்த ஆய்விதழிலும் எழுத முடியாது. சத்தத்தைப் படமாக மாற்றிக் காட்டும் மென்பொருள் ஒன்று எங்களிடம் உண்டு. காதுக்கு எட்டாததும் அதில் கோடாகத் தெரிந்துவிடும். அவர் விட்ட இடைவெளிகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, பெரிதாக்கி, திரையில் பார்த்தேன். ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். வயல்தவளைகளின் கோடுகள் இருந்தன. சுவர்க்கோழி இருந்தது. வேறொன்றும் இல்லை. பார்த்து முடித்துவிட்டு, ஆய்வகக் கதவு திறந்திருக்கிறதா, யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த முறை போனபோது அவரிடம் சொல்லிவிடுவதென்று முடிவுசெய்தேன். ஒருவர் தன் மனைவியோடு பேசுவதை அவருக்குத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

"ஐயா, சாயங்காலம் நீங்க பேசுறதும் பொட்டியில பதிவாகுது."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "யாரு கேக்குறது அதை?"

"நான்தான். வேற யாரும் கேக்குறதில்ல."

தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். "நீங்க கேட்டாப் பரவால்லம்மா. எங்க தெரு ஆளுங்க கேட்டாத்தான் பைத்தியம்பானுங்க."

"வேணும்னா கழட்டிடுறேன் ஐயா. வேற வயல்ல கட்டிக்குவோம்."

"சேச்சே. தவளைக்குன்னு கட்டுனது, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அடுத்த கார்டில் முதல் சில நாட்கள் அவர் குரல் தாழ்ந்திருந்தது. பிறகு பழையபடி ஆனது. ஒரு நாள், தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். "அந்தக் காலேஜ் மேடம் கேட்டுக்கிட்டிருக்கு. பாத்துப் பேசு" என்றார். இடைவெளி. அதன் பிறகு அவர் சிரித்தார். யாராவது பொல்லாத பதில் ஒன்றைச் சொன்னால் சிரிப்போமே, அப்படி அடக்க முடியாமல், மூச்சு வாங்கச் சிரித்தார்.

வெயில் சுள்ளென்று அடிக்கும் மதியம் அது. ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். வியர்த்திருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை பக்கத்து வயல்காரர் போன் செய்தார். கருவியின் பக்கவாட்டில் என் எண் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்.

"பொட்டி கட்டியிருக்கிற வயக்காரரு தவறிட்டாரும்மா. நேத்து சாயங்காலம் தண்ணி வடிய வைக்க வந்தவரு, காலையில வந்து பாத்தா வரப்போரமா கெடக்குறாரு. மாரடைப்புன்னு சொல்றாங்க. நீங்க எப்பயாச்சும் வந்து பொட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க."

நான் உடனே போகவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு போனேன். தூணில் கருவி நனைந்துபோய் அப்படியே இருந்தது. விளக்கு பச்சையாக மினுங்கியது. யாரும் நிறுத்தச் சொல்லாததால் அது பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

மகள் மட்டும் இருந்தாள். கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள்; கணவன் வெளிநாட்டில். வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதற்காகச் சாமான்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா சொல்லியிருக்காங்க. தவளை மேடம்னு சொல்வாங்க."

அதற்குப் பிறகு என் பையையே பார்த்தாள். "அக்கா, அது அன்னைக்கும் ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். ஆமாம் என்றேன்.

அவள் அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "பக்கத்து வயல்ல தண்ணி எறைக்க இன்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சாம். அவரு, 'கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காதும்மா'ங்கிறாரு. டாக்டரு உசுரு உடனே போயிருக்கும்னு சொல்றாரு. ஆனா டாக்டரு அங்க இல்லையே. அப்பா அந்தச் சேத்துல கெடந்து கூப்பிட்டிருப்பாங்களோ, யாருக்குமே கேக்கலையோன்னு எனக்கு வேற நெனப்பே இல்லக்கா. படுத்தா அவங்க கூப்பிடுற மாதிரியே இருக்கு. நீங்க கேட்டுச் சொல்லுங்க. கூப்பிட்டாங்களா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க."

இத்தனை வருட ஆராய்ச்சியில் நான் தேடிக்கொண்டு போகாத ஒரு கேள்வி, என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் முறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது கேட்டேன். முதலில் மழை விட்ட பிறகு சொட்டும் சத்தம். தூரத்தில் இன்ஜின். அதை மீறிக்கொண்டு தவளைகள். அந்தப் பருவத்தில் அவ்வளவு பலமாக நான் கேட்டதில்லை. மண்வெட்டி சேற்றில் இறங்கி எழும் சத்தம். அப்புறம் அவர் குரல். எப்போதும்போலவே பேசினார். என்ன பேசினார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் சொல்கிறேன். ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பதிலுக்காக நிறுத்தினார்.

அதன் பிறகு பேசவில்லை. ஈரமான எதையோ தரையில் வைத்தாற்போல ஒரு சத்தம். அந்தக் கணமே தவளைகள் மொத்தமாக அடங்கின.

இது தவளைகளின் இயல்பு. பக்கத்தில் ஏதாவது அசைந்தால், விழுந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். ஆபத்து இல்லை என்று தெரியும்வரை திறக்காது. அந்த அமைதியை வைத்து, பாம்பு வந்ததையும் நாய் கடந்துபோனதையும் கண்டுபிடித்திருக்கிறோம். நான் அதைப் பற்றிக் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அன்று அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இன்ஜின் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வெகு நேரம் என்று தோன்றியது. உண்மையில் அவ்வளவு இல்லை. பிறகு தூரத்திலிருந்து ஒரு தவளை. அதற்குப் பதில்போல இன்னொன்று. மெல்ல மெல்லப் பக்கத்தில் இருந்தவையும் சேர்ந்துகொண்டன. கருவி தூங்கப்போகும்வரை, அவர் கிடந்த வரப்பைச் சுற்றி அவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

இன்ஜின் சத்தம் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பது. மனிதக் குரல் அதற்கு மேலே நிற்கும். இரண்டையும் பிரித்தேன். முனகலாவது இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். இல்லை. இரவில் கருவி விழித்த சமயங்களையெல்லாம் கேட்டேன். இல்லை. விடியலில் செம்போத்து கத்தியது. சேற்றில் காலடிகள் வந்தன. "அண்ணே, அண்ணே" என்று பக்கத்து வயல்காரர் அலறினார். அதோடு நிறுத்திவிட்டேன்.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் நம்பினாள்; ஆனாலும் தானே கேட்க வேண்டும் என்று பஸ் ஏறி வந்துவிட்டாள். எங்கிருந்து தொடங்குகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன். கண்ணாடி வழியே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அந்த முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று உள்ளே போனால், சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

"குவைத்துல இருந்தப்ப அப்பா தினமும் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணுவாங்கக்கா. போன் கார்டு தீர்ற வரைக்கும் பேசுவாங்க. அப்பல்லாம் வயல பாத்தது அம்மாதான். மடை, வரப்பு, நாத்து எல்லாத்தையும் அம்மா சொல்லும், அப்பா அங்கேருந்து 'ம், ம்'முன்னு கேப்பாங்க. இப்ப இவங்க சொல்றாங்க, பாருங்க."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அது தூங்குன நேரத்துல கூப்பிட்டிருந்தா?"

அதுதான் நான் பயந்த கேள்வி. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் கேட்க வந்திருந்தாள். என் வாயில் அது வரவில்லை.

"அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா ஒண்ணு சொல்லலாம். அவர் லேசா அசைஞ்சிருந்தாக்கூடப் பக்கத்துல இருக்கிற தவளைங்க அடங்கியிருக்கும். பொட்டி முழிச்ச நேரத்துலயெல்லாம் அதுங்க முழுசாக் கூப்பிட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. பயந்த மாதிரி ஒரு தடவைகூட இல்ல."

அவள் யோசித்தாள். "அப்ப, பக்கத்துல அப்பா கெடக்குறதே அதுங்களுக்குத் தெரியல."

"ஆமா."

"சரிக்கா" என்றாள். அது ஆறுதல்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மகளுக்குச் சொல்லக்கூடிய வார்த்தையா அது என்றும் தெரியவில்லை. ஆனால் போகும்போது அவள் நடை வந்தபோது இருந்ததைவிடத் தளர்வாக, தூங்கி எழுந்தவள் நடைபோல இருந்தது. பதிவு முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு எனக்கு என் அத்தாவின் நினைப்பு வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். திருவாரூர்ப் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். நான் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது மௌத்தாகி அடக்கமானார். அவர் சொன்னவை எல்லாம் நினைவிருக்கின்றன. சொன்ன குரல் இல்லை. உலகத்துச் சத்தத்தையெல்லாம் சேர்த்துவைக்கிற படிப்பைத் தொடங்கியிருந்தவளுக்கு, கடையில் உட்கார்ந்து துணி கிழிக்கும் மனிதரின் பேச்சைப் பிடித்துவைக்கத் தோன்றவில்லை. வீட்டில் பிறரைக் கேட்டால் அவர்களுக்கும் அந்தக் குரல் நினைவில் இல்லை.

அந்த வயலின் பதிவுகளையும் சேர்த்து நாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை மறு வருடம் மதிப்பீட்டுக்குப் போனது. பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் நல்லபடியாகவே எழுதியிருந்தார். ஒரே ஒரு கேள்வி: இந்த இடத்தில் ஒரு நாளின் தரவு ஏன் விடுபட்டிருக்கிறது? நியாயமான கேள்வி. பதில் எழுதினேன். தமிழில் சொன்னால் அது இப்படி வரும்: "மனித நடமாட்டம் காரணமாக அந்த நாளின் பதிவு விலக்கப்பட்டது."

கட்டுரை அச்சானது. அந்த வாக்கியமும் அதில் ஒரு மூலையில் இடம்பெற்றது. பிழை ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அதோடு இருக்க முடியவில்லை. வகுப்பெடுக்கும்போது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. ரேஷன் கடை வரிசையில் வந்தது. நடமாட்டம் காரணம் என்று எழுதியிருந்தேன்; உண்மையில் அன்றைக்கு அந்த வயலில் நடமாட்டம் நின்றுபோனதுதான் காரணம். வேறு ஊர் வயல்களின் பதிவைக் கேட்கும்போதும், தவளைகள் அடங்கும் ஒவ்வொரு இடத்திலும் என் விரல் தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போயிற்று. பெரும்பாலும் நாய்தான், பாம்புதான். ஆனாலும் மறுபடி அவை தொடங்கும்வரை விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. சில சமயம், தவளைகள் நன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "இன்னைக்கு முறைத் தண்ணி வந்துச்சு" என்று கேட்டது. அவர் கால்வைத்தே இராத ஊர்களின் பதிவில் கேட்டது. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் இருக்காது.

எழுதினால் போகும் என்று நினைத்துத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தமிழில் நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டும்தான். ஒரு வாரம் கழித்துச் சில பக்கங்கள் வந்தன. கும்பகோணத்தில் சிறு மாத இதழ் ஒன்றை நடத்துபவருக்கு அனுப்பினேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். இரண்டு நாளில் போன் செய்தார்.

"மேடம், 'தவளைகள் மௌனமானது அவதானிக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. யாரு அவதானிச்சா?"

"நான்தான்."

"'இறந்தவரின் உறவினருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது.' யாரு தெரிவிச்சா?"

"நான்தாங்க."

"அப்ப உங்களை எதுக்கு ஒளிச்சுவெச்சிருக்கீங்க? குத்தவாளி மாதிரி இருக்கு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் துறையில் 'நான்' என்று எழுதுவது சட்டையில்லாமல் வகுப்புக்குப் போவது போல. அவரிடம் அதையே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அவசரமில்லீங்க, எப்ப வேணா அனுப்புங்க" என்று வைத்துவிட்டார். திருத்தினேன். ஒவ்வொரு 'பட்டது'வையும் எடுத்துவிட்டு என்னைக் கொண்டுபோய் வைத்தேன். அப்படிச் செய்யச் செய்ய, நான் எதைக் கேட்டேன், எங்கே பயந்தேன், வெட்டியெடுத்த இடைவெளிகளில் எதைத் தேடினேன் என்பதெல்லாம் தானாக வெளியே வந்தது. எனக்கே அது புதிதாக இருந்தது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மகள் வீட்டுக்குப் போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்க, அவள் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"ஊரு பேரு போட வேணாம்கா. அப்பா பேரும் வேணாம்."

"போடல."

"முன்னாடியெல்லாம் பேசுனது இருந்துட்டுப் போவட்டும். மடை, எலி வளை, அம்மாகிட்ட சிரிச்சது, எல்லாம் இருக்கட்டும். படிச்சா நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்குக் கடைசியாப் பேசுனது மட்டும் வேணாம். அது அம்மாவுக்குச் சொன்னது."

அங்கேயே அந்தப் பக்கத்தைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். அவள் படிக்காமல் மடித்து, மளிகைச் சாமான் அலமாரியில் மஞ்சள்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

இதழ் வெளிவந்தது. என் ஆய்வுக் கட்டுரைகளுக்கு வராத ஒன்று இதற்கு வந்தது: போன். கல்லூரி எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள். சிலர் தவளையைப் பற்றிக் கேட்டார்கள். பலர் தங்கள் வீட்டில் இறந்தவர்களைப் பற்றிச் சொன்னார்கள். எதற்காக என்னிடம் சொல்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை. ஆனால் எழுதினால் போகும் என்று நினைத்த அந்தக் குரல் போகவில்லை. மற்றவர்கள் பேசும்போது சற்றுத் தள்ளி நின்றது, அவ்வளவுதான்.

அந்த அழைப்புகளில் ஒன்று நாகப்பட்டினத்திலிருந்து. வயதானவர் குரல். "மருமவ படிச்சுக் காட்டுச்சும்மா" என்று ஆரம்பித்தார். "நீங்க எங்க கடக்கரைப் பக்கம் அந்தப் பொட்டி எதுவும் கட்டியிருந்தீங்களா? அலை வர்றதுக்கு முன்னாடி?"

"இல்லைங்க. அப்ப நான் காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்தேன்."

"அதானே" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. பின்னால் ஏதோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. "என் வூட்டுக்காரி சத்தம் எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்குமான்னு பாத்தேன். போட்டோகூட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுல வாய மூடிக்கிட்டு நிக்குது."

அவர் முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அதற்கடுத்த விடுமுறையில் நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறினேன். ஆராய்ச்சிக்காக இல்லை, கருவியும் எடுத்துப்போகவில்லை.

சுனாமி அலைக்குப் பிறகு, கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் அவர் இருந்தார். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். சிலர் முன்பக்கம் தகரம் இறக்கியிருந்தார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். தன் மனைவி கூடையில் மீனை எடுத்துக்கொண்டு ஊருக்குள் தெருத் தெருவாகப் போய் விற்றதைச் சொன்னார். எந்தத் தெருவில் யார் பேரம் பேசுவார்கள், எந்த வீட்டில் காபி கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று காலையும் கரையில் மீன் எடுக்கத்தான் போயிருந்தாள். அவர் அன்று போகவில்லை.

"அவங்க எப்படிக் கூப்பிட்டு விப்பாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "அதெல்லாம் பொம்பளைங்க கூவுறதும்மா" என்று கையை ஆட்டினார். டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்தார். ஒரு கை தானாகத் தலைக்குப் போய், இல்லாத கூடையைப் பிடித்துக்கொண்டது. கழுத்து நிமிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அவருடையது இல்லாத மெல்லிய, நீண்ட குரலில் கூவினார்.

"மத்தி... காரப்பொடி... சங்கராவோய்..."

கடைசி எழுத்தை இழுத்து, மேலே ஏற்றி, சட்டென்று வெட்டினார். உள்ளே டிவி நின்றது. மருமகள் கதவருகே வந்து நின்று மாமனாரைப் பார்த்தாள். அவள் அதை அதுவரை கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவர் இன்னொரு தடவை கூவினார், முன்னைவிடத் தெம்பாக.

எதிர் வரிசையில் ஒரு கதவு திறந்தது. ஊருக்குப் புதிதாக வாடகைக்கு வந்த பெண்ணாம், பிறகு சொன்னார்கள். கையில் அலுமினியச் சட்டியோடு வாசலுக்கு வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. எங்களைப் பார்த்து, "மீன்காரம்மா போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார்.

"இப்பத்தாம்மா போனா" என்றார்.